காலண்டரில் உங்கள் வேலைக்கு இடம் பிடிப்பது எப்படி?

மதிய நேரத்தில் இங்கே சிங்கப்பூரில் தேக்கா உணவங்காடிக்குப் போனால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டுத்தான் சாப்பாடு வாங்க வரிசையில் போய் நிற்கிறோம். அலுவலகத்தில் மட்டும் காலண்டரைக் காலியாகப் போட்டு வைக்கிறோம். யார் யாரோ வந்து மீட்டிங் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள், நம் சொந்த வேலை இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு நடக்கிறது. நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரே நாளில் ஆறு மீட்டிங் இருக்கும், அன்றைக்கே அறிக்கையும் கேட்பார்கள். அந்தக் களைப்பு எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால்தான் இதைப் பொறுமையாக எழுதுகிறேன்.

கூகுள் காலண்டரை வைத்துச் சொல்கிறேன். முதல் தடவை கணினியிலேயே திறங்கள், கைப்பேசியின் சின்னத் திரையில் ஒரு வாரம் முழுவதையும் பார்ப்பது கஷ்டம். மேலே 'வீக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஏழு நாளும் வரிசையாகத் தெரியும்.

முதலில் சென்னை நேரம்

நம்மில் நிறையப் பேருக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு குழு இருக்கும். பல்சக்கரப் படத்தை அழுத்தி செட்டிங்ஸுக்குள் போய், 'டைம் ஜோன்' பகுதியில் இரண்டாவது நேர மண்டலத்தைக் காட்டச் சொல்லும் பெட்டியில் டிக் போடுங்கள், இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், பக்கத்தில் 'சென்னை' என்று பெயர் கொடுங்கள். இனி இடது ஓரத்தில் இரண்டு நேரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

இப்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சென்னையில் காலை 9:30 ஆகும்போது இங்கே மதியம் 12 மணி. அதாவது நம் காலை நேரம் முழுவதும் அவர்கள் இன்னும் வேலைக்கே வரவில்லை! இந்த இரண்டரை மணி நேர வித்தியாசத்தை எல்லோரும் தொல்லை என்றே சொல்வார்கள், எனக்கு அது வரம்.

அடுத்து, இடம் பிடிப்பது

செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் 9:30-இல் மவுஸை அழுத்தி அப்படியே 11:30 வரை இழுங்கள். ஒரு சின்னப் பெட்டி திறக்கும். தலைப்பில் 'வேலை' என்றோ 'முக்கியம்' என்றோ எழுதாதீர்கள், அப்படி எழுதினால் அந்த நேரம் வந்ததும் என்ன செய்வதென்று யோசிப்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும், அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். 'மாத அறிக்கை, செலவு அட்டவணையை முடிப்பது' என்று எழுதுங்கள். உட்கார்ந்ததும் எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று தலைப்பைப் பார்த்தாலே தெரிய வேண்டும்.

அப்புறம், அதே பெட்டியில் கூடுதல் விவரங்களைத் திறந்து 'பிஸி' என்று இருக்கிறதா பாருங்கள். தலைப்பை மற்றவர்கள் பார்க்க வேண்டாம் என்றால் 'பிரைவேட்' ஆக்கிவிடலாம், சக ஊழியர்களுக்கு நீங்கள் பிஸி என்று மட்டும் தெரியும். வாரா வாரம் வரும் வேலை என்றால் 'டஸ் நாட் ரிப்பீட்' என்ற இடத்தை அழுத்தி வாராந்திரமாக மாற்றுங்கள்.

ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு இடம் போதும். எல்லா நேரத்தையும் அடைத்து வைத்தால் குழுவில் இருப்பவர்களுக்கு உங்களிடம் பேச நேரமே கிடைக்காது, அது நியாயமும் இல்லை.

மீட்டிங்குக்கு நடுவே மூச்சு விட

செட்டிங்ஸில் 'ஈவென்ட் செட்டிங்ஸ்' பகுதியில் 'ஸ்பீடி மீட்டிங்ஸ்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் டிக் போட்டால் நீங்கள் போடும் அரை மணி மீட்டிங் 25 நிமிடமாகும், ஒரு மணி மீட்டிங் 50 நிமிடமாகும். தண்ணீர் குடிக்க, குறிப்பு எழுத அது போதும்.

விடுமுறை நாளில் ஒரு கண்ணி

தீபாவளி இங்கே பொது விடுமுறை, தைப்பூசம் இல்லை. காவடி எடுக்கவோ பால்குடத்துக்கோ நாம் லீவு போட வேண்டும். அதைக் காலண்டரில் முழுநாள் நிகழ்வாகப் போடும்போது கவனம்: முழுநாள் நிகழ்வுகளைக் கூகுள் வழக்கமாக 'ஃப்ரீ' என்றே வைத்துக்கொள்ளும். நீங்கள் கோயில் வரிசையில் நிற்பீர்கள், காலண்டரோ நீங்கள் சும்மா இருப்பதாகச் சொல்லும். கையோடு 'பிஸி' என்று மாற்றிவிடுங்கள். அலுவலகம் கொடுத்த கூகுள் கணக்கு என்றால் 'அவுட் ஆஃப் ஆபீஸ்' இன்னும் நல்லது, அந்த நேரத்துக்கு வரும் மீட்டிங் அழைப்புகளை அதுவே மறுத்துவிடும்.

லண்டனோடு பேசுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் அவர்களுடைய காலை 9 மணி நமக்கு மாலை 4, அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தால் அது 5 ஆகிவிடும். பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து கூட்டிவர வேண்டிய நேரம் என்றால் அந்த 5 மணியை இப்போதே அடைத்து வையுங்கள்.

வெள்ளி மாலை, கால் மணி நேரம்

இதையும் காலண்டரிலேயே போடுங்கள். அந்த வாரத்தில் பிடித்து வைத்த இடங்களைப் பாருங்கள். அவசர வேலை வந்து அறிக்கை நடக்கவில்லையா? சரி, அந்தக் கட்டத்தை அழிக்காமல் அப்படியே இழுத்து அடுத்த திங்கள் காலைக்குக் கொண்டுபோய் விடுங்கள். ஒரே வேலை மூன்று வாரமாக நகர்ந்துகொண்டே இருந்தால் அதற்கு இரண்டு மணி நேரம் போதவில்லை என்று அர்த்தம். அதை இரண்டாக உடைத்து, செவ்வாய்க்குப் பாதி, வியாழனுக்குப் பாதி என்று தனித்தனியாகத் தலைப்பு எழுதிப் போடுங்கள்.