சித்தாளைக் கொத்தனாராக உயர்த்துவது எப்படி?

பெரியாளாக வேலைக்கு வரும் ஆண் சில வருடங்களில் கொத்தனாராகிக் கரண்டி பிடித்துவிடுகிறார். சித்தாளாக வரும் பெண்ணோ கடைசிவரை கல்லும் கலவையும்தான் சுமக்கிறார். சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. கரண்டி வேலையே தராவிட்டால் அந்தச் சட்டம் அவருக்கு எப்படி உதவும்? வேலையை மாற்ற வேண்டியது ஒப்பந்ததாரரும் சைட் இன்ஜினியரும்தான்.

பயிற்சிக்கு ஒருவரை மட்டும் எடுக்காதீர்கள், இரண்டு பேராக எடுங்கள். தனியாக நிற்பவர் கேலி தாங்காமல் பழைய வேலைக்கே திரும்பிவிடுவார். கற்றுத்தரும் கொத்தனாரை நாள்கூலியில் வைத்து, அதற்கென்று கூடுதல் தொகையும் கொடுங்கள். சதுர அடிக் கணக்கில் வேலை செய்பவருக்குக் கற்றுத்தரும் நேரமெல்லாம் நஷ்டம், அதனால்தான் தட்டிக்கழிக்கிறார்.

காம்பவுண்டுச் சுவரில் தொடங்கலாம். சாரம் ஏற வேண்டியதில்லை, பிரித்துக் கட்டினாலும் இழப்பு குறைவு. மூலைகளைக் கொத்தனார் எழுப்பட்டும். நூல் கட்டிய பிறகு நடுச்சுவரை இவர்கள் நிரப்பட்டும். கல்லை நனைத்து, 1:6 கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்), கற்களுக்கு இடையே இணைப்பு 10 மி.மீ. இருக்கும்படி வைக்க வேண்டும். மூன்று நான்கு வரிக்கு ஒருமுறை தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கட்டும். புதியவர்கள் அதிகம் தவறுவது செங்குத்து இணைப்பில்தான். வெளியே பூசினாற்போல் தெரியும், உள்ளே வெற்றிடம் இருக்கும், மழையில் அந்த வழியே தண்ணீர் இறங்கும். கலவை இறுகுமுன் அன்றே பிரித்து, அவர்கள் கையாலேயே திரும்பக் கட்டச் சொல்லுங்கள். நடுச்சுவர் நேராக வந்தபின் மூலை, பிறகு 12 மி.மீ. உள்பூச்சு. சீலிங் கடைசியில்.

பயிற்சி பெரும்பாலும் கெடுவது கான்கிரீட் போடும் நாளில். ஆள் பற்றாது, “இன்னிக்கு மட்டும் பாண்டு எடும்மா” என்று கலவைச் சட்டியைக் காட்டுவார் மேஸ்திரி. அந்த ஒரு நாள் ஒரு வாரமாகிவிடும். காலை 8 முதல் 12 வரை கரண்டி வேலை மட்டும் என்று வருகைப் பதிவேட்டிலேயே எழுதி, சுமக்க வேறு ஆள் வையுங்கள்.

பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேலை தொடங்குமுன்பே தயாராக வேண்டும். அது இல்லாத சைட்டில் பெண்கள் நாள்முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நோயை வாங்கிக்கொள்கிறார்கள். சேலையோடு சாரம் ஏற விடாமல், அளவான சட்டை, பேன்ட், ஷூ, பாதுகாப்பு பெல்ட் கொடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள்ளகக் குழு கட்டாயம். பத்துப் பேருக்குக் குறைவானால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் தொடர்பு எண்ணையும் பதிவேடு வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

பயிற்சியின்போது சித்தாள் கூலியைக் குறைக்காதீர்கள். தனியாக ஒரு சுவரை நேராக எழுப்பிவிட்டால் அந்த வாரமே முழுக் கொத்தனார் கூலி. “பெண் கொத்தனார்” என்று இடையில் ஒரு குறைந்த கூலியை உருவாக்கினால் அது அப்படியே நிலைத்துவிடும். பணத்தை மேஸ்திரி கையில் தராமல் அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் பதிவிலும் தொழிலைக் கொத்தனார் என்று மாற்றச் செய்யுங்கள். அடுத்த சைட்டுக்கு அனுப்பும்போது, கட்டிய சுவர்களின் அளவு எழுதிய நோட்டில் இன்ஜினியர் கையெழுத்திட்டுக் கொடுத்தனுப்புங்கள். அங்கே யாரும் மறுபடி பாண்டைத் தூக்கித் தலையில் வைக்க முடியாது.