செஞ்சிலுவைச் சங்கம்: நம் குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைக் கவனித்துப் பாருங்கள். மருந்துக்கடை, கிளினிக், தனியார் ஆம்புலன்ஸ், டாக்டர்களின் கார் கண்ணாடி என்று எங்கே பார்த்தாலும் வெள்ளையில் சிவப்புச் சிலுவை. செஞ்சிலுவைச் சங்கம் பற்றி நாம் செய்யும் தவறுகளில் முதலில் திருத்த வேண்டியது இதுதான். அது மருத்துவத்துக்கான பொதுச் சின்னம் இல்லை. போர்க்களத்தில் காயம்பட்டவரையும் அவருக்குச் சிகிச்சை தருபவரையும் தாக்கக் கூடாது என்பதற்காக 1864ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் வகுத்த அடையாளம் அது. ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் செஞ்சிலுவை அமைப்புகளுக்கும்தான் உரியது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதைப் போடுவது குற்றம்.

ஒரு பலகைக்கு இவ்வளவு கண்டிப்பா என்று கேட்பவர்கள் 2009 இலங்கைப் போரை நினைத்துப் பார்க்க வேண்டும். நமக்கு இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் முல்லைத்தீவு. பிப்ரவரி முதல் மே மாதத் தொடக்கம் வரை, சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் வந்த கப்பல்கள் காயம்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கடல்வழியே வெளியேற்றின. ஆயுதமில்லாத அந்தக் கப்பல்களுக்கு இரு தரப்பும் தந்த ஒப்புதலும் அந்தக் கொடியும்தான் காவல். கண்ட இடத்திலெல்லாம் அதை வரைந்தால், உயிர் காக்க வேண்டிய நேரத்தில் அதை யார் மதிப்பார்கள்? மருந்துக்கடைக்குப் பச்சைச் சிலுவை போதும். மாற்றுவதற்கு ஒரு டப்பா பெயிண்டுக்கு மேல் செலவில்லை.

கோயிலும் தேவாலயமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மாவட்டம் நம்முடையது. அதனால் சிலுவையைக் கண்டதும் ‘இது மிஷன்காரர்களுடையது’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். நெய்யூர் மிஷன் மருத்துவமனையையும் செஞ்சிலுவையையும் ஒரே வரலாறாகச் சொல்பவர்கள்கூட உண்டு. நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது 1838இல். செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது அதற்கு 25 ஆண்டு கழித்து. 1859இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த வீரர்களைக் கண்டு மனம் பதறி, இந்த இயக்கத்துக்கு வித்திட்ட ஆன்றி துனான், சுவிட்சர்லாந்துக்காரர். அந்த நாட்டின் கொடியில் நிறத்தை மாற்றிப் போட்டால் கிடைப்பதுதான் இந்தச் சின்னம். மதம், சாதி, கட்சி பார்க்காமல் உதவுவது இயக்கத்தின் அடிப்படைக் கொள்கை.

அப்புறம், ஜெனீவாவில் இருக்கும் குழுவும் நம் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் ஒன்று என்று நினைப்பது. ஒரே இயக்கம்தான், ஆனால் தனித்தனி அமைப்புகள். நம் சங்கம் 1920இல் தனிச் சட்டத்தின் மூலம் உருவானது. சங்கத்துக்குக் குடியரசுத் தலைவர் தலைவர், மாநிலக் கிளைக்கு ஆளுநர், மாவட்டக் கிளைக்கு கலெக்டர். இதைப் பார்த்து அரசுத் துறை என்று எண்ணிவிட வேண்டாம். தொண்டர்களாலும் நன்கொடையாலும் நடப்பது அது. நம்மைப் போன்றவர்களும் உறுப்பினராகச் சேரலாம். யாராவது சங்கத்தின் பேரைச் சொல்லி வீட்டுக்கு வந்து பணம் கேட்டால், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பேரிடர் நேரத்தில் நாம் செய்யும் தவறு நல்ல மனதிலிருந்து வருவதால் சொல்வதற்கே சங்கடமாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பகுதிகள் சிதைந்தன, மணக்குடிப் பாலமே உடைந்தது. தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்து குவிந்தது. உடுத்த முடியாதவை சாலையோரத்தில் மழையில் கிடந்தன. எல்லாவற்றையும் இழந்தவருக்குக் கிழிந்த சேலையைக் கொடுப்பது அவமானப்படுத்துவதுதான். அதைப் பிரித்து அடுக்கத் தொண்டர்களின் நேரமும் வீணாகிறது. என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் பணமே உதவும். பொருளாகத்தான் கொடுப்பீர்கள் என்றால் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதே இல்லை: போரிலோ பேரிடரிலோ பிரிந்துபோன குடும்பத்தாரைத் தேடித் தருவதும் செஞ்சிலுவையின் பழைய வேலை. 1914இலேயே போர்க்கைதிகளைப் பற்றிக் குடும்பத்துக்குத் தகவல் சொல்ல ஜெனீவாவில் தனி அலுவலகம் இருந்தது. 2017 ஒக்கிப் புயலில் எத்தனை கடற்கரை வீடுகள் ஒரு தகவலுக்காகக் காத்துக் கிடந்தன! வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களும் நம் மாவட்டத்தில் ஏராளம். அங்கே போர் மூண்டு தொடர்பு அறுந்தால் தூதரகத்தை அணுகுங்கள், கூடவே செஞ்சிலுவைச் சங்கத்திலும் விவரம் கொடுங்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட மீனவர் விஷயம் வேறு. அதற்கு மீன்வளத் துறைதான் முதல் வாசல்.

ரத்ததானத்தைப் பொறுத்தவரை, தலைவர் பிறந்தநாளில் ஊரே ஒரே நாளில் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது சரியில்லை. சிவப்பணுக்களை சுமார் 6 வாரம் வரை வைக்கலாம். தட்டணுக்களுக்கு 5 நாள்தான். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். 18 வயதும் 45 கிலோ எடையும் வேண்டும், வெறும் வயிற்றில் போகக் கூடாது. ரத்த வங்கியில் கட்டணம் கேட்டால் ‘தானமாகக் கொடுத்ததை விற்கிறார்கள்’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலை, மலேரியா போன்றவற்றுக்கான பரிசோதனைக்கும் பதப்படுத்துவதற்கும் ஆகும் செலவு அது. ரத்தத்துக்கு என்று விலை வைக்கக் கூடாது. அப்படி யாராவது கேட்டால், தாராளமாகப் புகார் கொடுக்கலாம்.