படுத்தால் நாடி 72, நின்றால் 114: கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகும் கிறுகிறுப்பு போகாதவர்களுக்கு

மதுரை நரிமேட்டில் ஒரு புங்க மரத்தடியில் எனக்குத் தேய்ப்பு வண்டி. இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டே செய்கிற வேலை. 2021 மே மாதம் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்கு இல்லை, பத்து நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. வண்டிக்குத் திரும்பிய பிறகுதான் கூத்து ஆரம்பம். கரி கனிந்து பெட்டியைக் கையில் எடுத்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, நெஞ்சு படபடவென்று அடிக்கும், பிடரி வலிக்கும், கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். உட்கார்ந்தால் தெளிந்துவிடும்.

முதலில் பார்த்த டாக்டர் ஈசிஜி, சுகர், ரத்த அளவு எல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல், மனசுதான் காரணம், தைரியமா இருங்க" என்றார். அவர் என்னைப் பார்த்ததெல்லாம் படுக்க வைத்து, உட்கார வைத்து. எனக்கு வினை நிற்கும்போது அல்லவா! மூன்று மாதம் கழித்துப் பார்த்த இன்னொரு டாக்டர்தான், "வீட்டில் நின்று அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கையில் கட்டுகிற பிரஷர் மிஷின் வேண்டும், நாடித் துடிப்பையும் அதுவே காட்டும். காலையில், காபிக்கு முன்னால். பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் இருக்கட்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்காக அதை நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து பிரஷரும் நாடியும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகால் சுவரிலிருந்து அரையடி தள்ளி இருக்கும்படி நில்லுங்கள். பேசக்கூடாது, காலை ஆட்டக்கூடாது. நிமிடத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிடம் வரை எழுத வேண்டும். கண் இருட்டினால் உடனே படுத்துவிடுங்கள், பத்து நிமிடம் நின்றுதான் தீருவேன் என்று வீம்பு வேண்டாம்.

நான் துணிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். படுத்தபோது 72. நின்று பத்தாவது நிமிடம் 114. பிரஷர் பெரிதாக மாறவில்லை. பிரஷர் இறங்காமல் நாடி மட்டும், படுத்தபோது இருந்ததைவிட 30 துடிப்பாவது பத்து நிமிடத்துக்குள் கூடி, இறங்காமல் அப்படியே நின்றால், அந்தத் தொந்தரவும் மூன்று மாதமாக இருந்தால், டாக்டர்கள் அதை 'பாட்ஸ்' என்கிறார்கள். பன்னிரண்டு முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு 40. எழுந்த மூன்று நிமிடத்துக்குள் பிரஷரில் மேல் எண் 20-ஆவது கீழ் எண் 10-ஆவது இறங்கினால் அது வேறு கோளாறு. ரத்தசோகை, தைராய்டு, உடம்பில் தண்ணீர் குறைவது இவையும் நாடியை ஏற்றும். அதனால் நோட்டைப் பார்த்து நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள், டாக்டரிடம் நீட்டுங்கள்.

ரத்தக்குழாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கோட்டு தேய்க்கிறவனுக்கு இது சுலபமாகப் புரியும். கோட்டுக்குள்ளே லைனிங் துணி மாதிரி, குழாயின் உட்புறம் முழுக்க ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. குழாய் தேவைக்கேற்ப இளகுவதிலும் சுருங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. குழாயை இளக வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு அங்கேதான் சுரக்கிறது. 1998-இல் மருத்துவ நோபல் அந்த வாயுவைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான். லைனிங் சுருங்கிப்போன கோட்டை மேலே எவ்வளவு தேய்த்தாலும் விறைப்பாக நிற்காது. கொரோனா வந்துபோன பலருக்கு இந்தப் படலம் சரியாக வேலை செய்வதில்லை என்று ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது. குழாயைச் சுருக்கச் சொல்லி உத்தரவு போடும் நரம்புகளும் சிலருக்குத் தடுமாறுகின்றன. நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். குழாய்கள் சுருங்கி அதை மேலே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டும். வெயிலும் கரி அனலும் குழாயை இன்னும் விரித்துவிடும். என் வண்டியில் இரண்டும் உண்டு!

சரி, நான் என்ன செய்தேன்? முதலில் தண்ணீர். நாளைக்கு இரண்டரை லிட்டர். அதில் இரண்டு டம்ளரைப் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே மடமடவென்று குடித்துவிடுவேன். சில நிமிடங்களில் நிற்கத் தெம்பு வரும். உப்பையும் டாக்டர் கூட்டச் சொன்னார். நீராகாரத்தில் உப்பு, பதினொரு மணிக்கு உப்புப் போட்ட நீர்மோர். ஆனால் என் வீட்டுக்காரிக்கு பிரஷர் உண்டு, அவளுக்கு இதே உப்பு விஷம். பிரஷர், இதயம், கிட்னி தொந்தரவு உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது. மூக்குமுட்டச் சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுக்குப் போய்விடும், அதனால் மதியச் சோற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்.

அப்புறம் இறுக்கம். தொடை வரை வரும் இறுக்கமான சாக்ஸ் வாங்கினேன். மதுரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கரிப்பெட்டி பிடிப்பது நரகம், நான்கே நாளில் பரணுக்குப் போய்விட்டது. அதற்குப் பதில் வயிற்றைச் சுற்றி இறுக்கும் பெல்ட். வேலைக்கு முன் கட்டி, சாப்பிடும்போது தளர்த்துவேன். காலில் ரத்த ஓட்டம் குறைந்த சர்க்கரைக்காரர்கள் கேட்காமல் சாக்ஸ் போட வேண்டாம்.

நிற்கும்போது சும்மா நிற்பதில்லை. ஒரு காலைச் செங்கல் மேல் மாற்றி மாற்றி வைப்பேன். குதிகாலைத் தூக்கி இறக்குவேன். கிறுகிறுப்பு எட்டிப் பார்த்தால் இரண்டு காலையும் பின்னி, தொடையை இறுக்கிப் பிடிப்பேன். கெண்டைக்கால் சதை ஒரு பம்பு மாதிரி, இறுகும்போதெல்லாம் ரத்தத்தை மேலே ஏற்றும். உயரமான முக்காலி ஒன்று செய்து, சட்டையெல்லாம் உட்கார்ந்தே தேய்க்கிறேன். புடவைக்கு மட்டும் எழுந்து நிற்பேன். வேலை காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை. "என்னண்ணே, ராசா மாதிரி உட்கார்ந்துட்டீங்க" என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். பீடியையும் விட்டேன். அந்தப் படலத்துக்கு அதைவிடக் கெடுதல் எதுவும் நான் செய்ததில்லை.

இதையெல்லாம் செய்தும் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். இரண்டு வருடமாக ஜனம் இல்லாமல் நடந்த சித்திரைத் திருவிழா 2022-இல் திரும்பியது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரியே போய் நின்றேன். அன்றைக்கு ஒன்றுமே இல்லை. மறுநாள் சாயங்காலம் அடித்துப் போட்ட மாதிரி விழுந்தேன், மூன்று நாள் எழவில்லை. கொரோனாவுக்குப் பிறகு நீளும் இந்த நோயில் பலருக்கு உழைப்பின் வினை ஒரு நாள், இரண்டு நாள் தள்ளித்தான் வரும். அப்படி வருகிறவர்கள் "நடந்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சைக் கேட்டுத் தெப்பக்குளத்தைச் சுற்றக் கிளம்பாதீர்கள். அசந்த பிறகு நிறுத்துவதல்ல, அசதி வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். நான் இருபது துணிக்கு ஒரு தடவை, முடிகிறதோ இல்லையோ, பெட்டியை வைத்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்துவிடுவேன்.

கொரோனாவுக்குப் பிறகும் தொந்தரவு விடாதவர்களின் ரத்தத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக உறைந்த ரத்தக்கட்டிகள் இருப்பதாகத் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு ஆஸ்பிரினோ, ரத்தம் இளக்கும் மாத்திரையோ கடையில் வாங்கி விழுங்காதீர்கள். ரத்தக்கசிவு வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ நோட்டும் வேண்டாம் பேனாவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரே தாள் போதும்: காய்ச்சல் வந்த மாதம், மூன்று நாள் அளந்த எண்கள், எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எது செய்த மறுநாள் விழுந்தீர்கள். என் தாளில் போன வாரக் கணக்கு: படுத்து 70, நின்று 94. புடவை பதினொன்று.