ஊராட்சித் திட்டம்: நடக்காமல் போடும் வரைபடமும் வேறு சில தவறுகளும்

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்காக, அதாவது ஊருக்கு என்னென்ன வேலை வேண்டும் என்று ஊர்க்காரர்களோடு சேர்ந்து திட்டம் போடுவதற்காக, ஊருக்குள் இறங்கும் புதுப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நாங்கள் ஆடிய அதே கூத்துத்தான். எல்லோரையும் பேசவிட வேண்டும் என்பது போன்றவற்றைப் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள், அதை விடுங்கள்.

நடக்காமல் வரைபடம் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். கோயில் முன்னால் கோலப்பொடியில் தெருவும் குளமும் வரைந்து, சுற்றி நின்று போட்டோ எடுத்து, அதைச் சார்ட்டில் ஏற்றிவிட்டால் வள வரைபடம் முடிந்ததாம்.

திருநெல்வேலி மாவட்டம் மானூர் பக்கம் ஒரு ஊர். மானாவாரிக் குளம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பிசான நெல் சாகுபடி. ஊர்ப் பெரிய ஆட்கள் நாலு பேர் சொன்னபடி வரைந்து, 'குளம் தூர் வார வேண்டும்' என்று எழுதிக்கொண்டார்கள். கிராம சபையில் தீர்மானம் ஆகி, நூறு நாள் வேலையில் வெட்டியும் முடித்தார்கள். அடுத்த மழைக்குப் பக்கத்து ஊர்க் குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாக வெளியே பாய்ந்தது. இங்கே மாடு குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

ஆடு மேய்க்கிற ஒரு ஆச்சிதான், "குளத்துக்குள்ள நின்னு என்னத்தய்யா பாக்கீய, வரத்துக்காலப் போய்ப் பாருங்க" என்று குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்தக் கால்வாய்க்குக் கூட்டிப்போனார். தோட்டங்களுக்குப் போகும் புதுப் பாதைக்காகப் போட்ட குழாய்ப்பாலம், கால்வாய் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்திருந்தது. தண்ணீர் முட்டித் திரும்பி, பொத்தையை (சிறு குன்றை) ஒட்டி வேறு பக்கம் போயிருக்கிறது. உடைமரத் தூரில் சிக்கிய சருகைப் பார்த்தாலே எவ்வளவு உயரம் ஏறியது என்று தெரிந்தது. அந்தப் பாலமும் முந்தைய வருடத் திட்டத்தில் வந்ததுதான்! பாதை யார் யார் தோட்டத்துக்குப் போகிறது என்று விசாரித்தால், நாலு பேரும் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் விளங்கிவிடும்.

மறுகாலில் தொடங்கி, கரை, மடை, வரத்துக்கால் என்று தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அதுவரை நடங்கள். கூட வருபவர் தண்ணீர் பாய்ச்சுகிறவராகவோ ஆடு மேய்க்கிறவராகவோ இருக்கட்டும். கோலப்பொடியை அப்புறம் எடுக்கலாம்.

பீடிக்கடை நேரத்தில் கூட்டம்

பீடி சுற்றும் பெண்கள் சுற்றியதைக் கடையில் கொடுக்கப் போகும் நேரம் அது. பெண்கள் வர மாட்டார்கள். அவ்வளவுதான்.

காசு எந்தத் தலைப்பில் என்று பார்க்காதது

15-ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரைக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று கட்டிவைத்தது. இது தெரியாமல் பட்டியல் முழுக்கச் சிமெண்ட் ரோடாக எழுதிக்கொண்டு போனவர்கள் ஒன்றிய அலுவலகத்திலிருந்து அப்படியே திரும்பி வந்தார்கள். எந்தப் பணம் எதற்கு என்பதை முதல் கூட்டத்திலேயே ஊருக்குச் சொல்லிவிடுங்கள்.

வாசிக்காத தீர்மானம்

எழுதி, சத்தமாக வாசித்த பிறகே கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் வாங்கிக்கொண்டு, 'அப்புறம் எழுதிக்கலாம் அண்ணாச்சி' என்பது இன்னும் நடக்கிறது.