அறுத்த அம்பு ஒட்டாது: மரபு வில்லுக்குக் கார்பன் அம்பைப் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வறண்ட கண்மாயில்தான் நாங்கள் மூன்று பேர் வில் பழகுகிறோம். கரையை ஒட்டி வைக்கோல் கட்டு, அதற்குப் பின்னால் மண்கரை. கரைக்கு மேலே ஆடு மேய்ப்பவர் யாரும் வருகிறாரா என்று பார்க்க ஒருவர் எப்போதும் நிற்பார். எங்களிடம் இருப்பது மரபு வில்கள்: நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த ரீகர்வும், நீண்ட எளிய லாங்போவும். குறி பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. கைப்பிடிக்கு மேலே உள்ள படியில் அம்பை வைத்து எய்வதோடு சரி.

இந்த மாதிரி வில்லுக்குக் கார்பன் அம்பு வாங்கியதும் நான் செய்த முதல் காரியம், 30 அங்குல அம்பு நான்கையும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் 2 அங்குலம் அறுத்தது. கைக்கு அளவாக இருக்கட்டும் என்றுதான். அடுத்த நாள் நான்கும் இடப்பக்கமே போய் விழுந்தன. ஒவ்வொரு முறையும் வில்லில் ‘டக்’ என்று தட்டிவிட்டுப் போயின. பட்டறையில் நிலைக்கதவு செதுக்கிக்கொண்டிருந்த ஆசாரியிடம் போய்ப் புலம்பினேன். “அறுத்தது அறுத்ததுதான் தம்பி, ஒட்டவா போறீங்க?” என்றார்.

விஷயம் இதுதான். மரபு வில்லில் அம்பு வில்லின் நட்ட நடுவில் உட்காருவதில்லை, கொஞ்சம் ஓரமாகவே இருக்கும். நாணை விட்டதும் அம்பு வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு போய், அப்புறம்தான் நேராகும். அந்த வளைவு அளவாக இருக்க வேண்டும். குட்டையான அம்பு குறைவாக வளையும். நீளமானது அதிகம் வளையும். முனையில் கனம் கூடினாலும் வளைவு கூடும். ஆகவே முழு நீளத்திலேயே எய்து பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் கால் அங்குலம், கால் அங்குலமாக அறுக்க வேண்டும்.

நான் வாங்கியதிலேயே தவறு இருந்தது. அம்பின் மேல் 400, 500, 600 என்று ஸ்பைன் எண் போட்டிருப்பார்கள். பெரிய எண் என்றால் உறுதியான அம்பு என்று நினைத்துவிட்டால் தலைகீழ்தான். 29 அங்குல அம்பை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்பதே அந்த எண். 0.600 அங்குலம் தொய்ந்தால் 600. எண் கூடினால் அம்பு இளசு, அதாவது எளிதில் வளையும். மர அம்பில் பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். அங்கே ஸ்பைனைப் பவுண்டில் சொல்வார்கள், எண் கூடினால் விறைப்பும் கூடும்.

என் வில்லில் 40 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. நாணை இழுக்க வேண்டிய விசை அது. ஆனால் அந்த 40, நாணை 28 அங்குலம் இழுத்தால்தான். நான் இழுப்பது 26. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 2 முதல் 2.5 பவுண்டு குறையும். என் விரலில் நிற்பது 35தான். அதற்கு 400 ஸ்பைன் வாங்கி, அதையும் அறுத்தால் இரும்புக் கம்பியை எய்வது போலத்தான் இருக்கும். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குப் போட்ட அட்டவணையைப் பார்த்து வாங்கினாலும் இதே கதைதான்.

முனை எடையை கிரெய்னில் சொல்வார்கள். நம்மூர்க் கணக்கில் 125 கிரெய்ன் என்பது ஒரு பவுன், அதாவது 8 கிராமுக்குச் சற்று மேலே. நகைப் பட்டறைத் தராசில் அம்புகளை நிறுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரே கட்டில் வந்த அம்புகளும் சில நேரம் எடையில் வேறுபடும். அம்பின் மொத்த எடை, வில்லின் இழுவிசையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 முதல் 10 கிரெய்ன் இருந்தால் வில்லுக்கு நல்லது. 35 பவுண்டுக்கு 280 முதல் 350 கிரெய்ன். அம்பு மிக லேசாக இருந்தால், அம்பே இல்லாமல் நாணை விட்ட அடி வில்லின் மேல் விழும்.

இனி முக்கியமான சோதனை. இறகு ஒட்டிய அம்பு மூன்று, இறகில்லாதது ஒன்று, பத்துப் பதினைந்து கஜத்திலிருந்து. வலக்கைக்காரருக்கு இறகில்லாத அம்பு மற்றவற்றுக்கு இடப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் இளசு. மேலே விழுந்தால் நாணில் அம்பு பூட்டும் இடம் தாழ்வு. கீழே விழுந்தால் அது உயரம்.

இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பூட்டும் இடத்தைச் சரிசெய்யாமலே இட வலத்தைப் பார்க்கிறோம். அது தாழ்வாக இருந்தால் அம்பின் வால் படியில் மோதித் துள்ளும். துள்ளிய அம்பு எந்தப் பக்கமும் போகும். விறைப்பான அம்பே இளசு போலக் காட்டும். அதை நம்பி அறுத்தால் இன்னும் விறைக்கும். முதலில் பூட்டும் இடத்தை, படியிலிருந்து நாணுக்குச் செங்கோணமாக வரும் புள்ளிக்கு அரை அங்குலம் மேலே உயர்த்தியே வையுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளியையும் இதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு நாணை முறுக்கிக் கூட்டினாலோ நாணையே மாற்றினாலோ, மறுபடி முதலிலிருந்து.

அம்பு வைக்கோலில் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதைப் பார்க்காதீர்கள், எங்கே குத்தியது என்பதைப் பாருங்கள். வைக்கோல் ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு. அது அம்பைத் தன் இஷ்டத்துக்குச் சாய்க்கும். அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் நின்றால் பின்கட்டு வரை தெரியும், காற்றும் இருக்காது. அங்கேயே எய்து பார்க்க ஆசை வரும். ஆச்சி எந்தக் கதவிலிருந்து வெளியே வருவார் என்று யாருக்குத் தெரியும்?

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பார்கள். இந்தச் சோதனையில் அது பாதிதான் உண்மை. ஓர் அம்பு தவறிப் போனால் கை காரணம். பத்தில் எட்டு ஒரே பக்கம் போனால் அம்பு காரணம். ஒரே ஒரு அம்பைப் பார்த்து எதையும் மாற்றாதீர்கள். மாற்றும்போதும் ஒன்றை மட்டும்: விறைப்பு என்றால் முதலில் கனமான முனை, இளசு என்றால் லேசான முனை. இரம்பம் கடைசி.

சில்லறைத் தவறுகளும் உண்டு. பிளாஸ்டிக் இறகோடு வரும் கார்பன் அம்பைப் படியில் வைத்து எய்தால் தட்டித் திரும்பும். வான்கோழி இறகு மடங்கிக் கொடுக்கும். குழாய் வெட்டும் கருவியால் கார்பனை நசுக்கி வெட்டக் கூடாது; வேகமாகச் சுற்றும் தேய்ப்புச் சக்கரம்தான் சரி, மூக்கை மூடிக்கொண்டு. முனையை ஒட்டும்போது முனையைத்தான் சூடாக்க வேண்டும், அம்பையல்ல.

கரையில் புதைந்திருக்கும் சரளைக்கல்லில் மோதிய அம்பைக் காதருகே வைத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். சின்னதாக ‘கிறீச்’ என்று கேட்டால் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் நாண் விடும்போது சிதறினால், சில்லு வில் பிடித்த கையில்தான் ஏறும்.

இப்போது என் தூணியில் இருப்பது 600 ஸ்பைன், முழு நீளம், ஒரு பவுன் முனை. அந்த நான்கு குட்டை அம்புகளும் என்னுடையதைவிட அதிகப் பவுண்டு வில் வைத்திருக்கும் நண்பரிடம் போய்விட்டன. இன்னும் கனமான முனை போட்டு எய்கிறார். நேராகத்தான் போகின்றன.