ஆயில் சீல் மாற்றியும் ஃபோர்க் ஒழுகுகிறதா? பைப்பைத் தடவிப் பாருங்கள்

என் பைக்கின் இடப்பக்க ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் காலில், ஆயில் சீலை (ஆயில் வெளியே வராமல் அடைக்கும் ரப்பர் வளையம்) இரண்டு முறை மாற்றினேன். இரண்டாவது சீல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சீல்தான் மட்டமான சரக்கு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், சீலுக்குள் ஏறி இறங்கும் ஃபோர்க் பைப்பின் குரோம் பூச்சில் கடுகளவு ஒரு துருக்குழி. சக்கரம் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அதன் கூரான விளிம்பு சீலின் உதட்டை, அதாவது பைப்பை ஒட்டி நிற்கும் ஓரத்தை, சீவிக்கொண்டிருந்திருக்கிறது.

கழற்றும் முறைக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் போதும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பைப்பை வண்டியோடு பிடித்திருக்கும் இரண்டு கிளாம்புகளில் மேல் கிளாம்பைத் தளர்த்திவிட்டு, பைப் கீழ் கிளாம்பின் பிடியில் இருக்கும்போதே மேல்மூடி போல்ட்டை லேசாக இளக்கிவிடுங்கள். கையில் எடுத்த பிறகு இளக்கப் போனால் பைப்தான் உருளும். முழுதாகக் கழற்றும்போது ஸ்பிரிங் மூடியை எகிறச் செய்யும், அதற்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

1. வளைந்திருக்கிறதா?

இரண்டு வி-பிளாக் (V வடிவப் பள்ளம் உள்ள தாங்குகட்டை) மேல் பைப்பை வைத்து, நடுவில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) நிறுத்தி, மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். முள் மொத்தம் 0.2 மி.மீ. ஆடினால் உண்மையான வளைவு அதில் பாதி, அதாவது 0.1 மி.மீ.தான். மேனுவலில் இருக்கும் வரம்பு முள் ஆடும் மொத்த அளவா, வளைவா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டயல் கேஜ் இல்லையென்றால் தடித்த கண்ணாடி மேல் உருட்டி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பெரிய வளைவு இதிலேயே தெரிந்துவிடும்.

லேசான வளைவை ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் பட்டறையில் நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்தாலோ குரோம் வெடித்திருந்தாலோ அந்தப் பைப்பைத் தூக்கிப் போடுங்கள். நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவதாக யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். உறுதியும் போகும், குரோமும் போகும்.

2. குழியைக் கண்டுபிடிப்பது

நான் கோட்டைவிட்டது இங்கேதான். விரலால் தடவினேன், வழுவழுவென்றுதான் இருந்தது. அப்புறம் ஒரு பழைய நைலான் காலுறையைப் பைப்பில் சுற்றி இழுத்தேன். ஓரிடத்தில் நூல் சிக்கிக்கொண்டு நின்றது. அங்கே நகத்தை வைத்தபோதுதான் விளிம்பு தட்டுப்பட்டது.

சீல் ஓடும் பகுதியில் இருக்கும் குழிதான் முக்கியம். கிளாம்புக்குள் மறையும் பகுதியில் இருந்தால் விட்டுவிடலாம்.

3. நிரப்புவது

முதலில் நைசான சாணைக்கல்லால் மேடான விளிம்பை மட்டும் தட்டையாக்குங்கள். குழிக்குள் இருக்கும் துருவை ஊசியால் சுரண்டி எடுத்து, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடையுங்கள். பிறகு எபாக்ஸிப் பசையைப் பல்குச்சி நுனியில் எடுத்துக் குழிக்கு மேல் கொஞ்சம் மேடாக வையுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை எனக்குப் பிடிக்காது. மெதுவாக இறுகுவதை வாங்கி ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

மறுநாள் 1000, பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்காமல் பைப்பைச் சுற்றித் தேயுங்கள், நீளவாக்கில் விழும் கீறல் ஆயிலுக்கு வாய்க்கால். குரோம் முடியின் தடிமன்கூட இருக்காது, அதனால் எபாக்ஸி மட்டமானதும் கையை எடுத்துவிடுங்கள். குழி ஒன்றிரண்டு என்றால்தான் இந்த வைத்தியம். வரிசையாகத் துரு பூத்திருந்தால் மறுபடி ஹார்டு குரோம் போட வேண்டும், அல்லது புதுப் பைப்.

4. மாட்டுவது

பைப்பின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, ஃபோர்க் ஆயில் தடவி, அதன்மேல் புது சீலை இறக்குங்கள். முனை உதட்டைக் கிழிக்காது. பைப் வழுக்கி ஓட உதவும் வளையமான புஷ்ஷையும் பாருங்கள். சாம்பல் நிற டெஃப்லான் தேய்ந்து செம்பு நிறம் பெரும்பகுதி தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: "கீழே விழுந்த பிறகு பைப் நேராகத்தான் இருக்கிறது, ஆனால் ஹேண்டில் கோணலாக நிற்கிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். அநேகமாகக் கிளாம்புக்குள் பைப் முறுக்கிக்கொண்டிருக்கும். எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் வண்டி பைப்பில் வழுக்கிக் கீழே இறங்கும். முன்சக்கர அச்சையும் மட்கார்டு போல்ட்டுகளையும் கிளாம்புகளையும் லேசாகத் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டிலைத் திருப்பி நேராக்கி, கிளாம்புகளை முறுக்குங்கள். அச்சு கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே முட்டுக் கொடுத்ததை எடுத்துவிட்டு, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விட்டு, கடைசியாக அச்சையும் மட்கார்டையும் முறுக்குங்கள்.