காட்டுப் பறவையில் புதிய பக்றீரியா இனத்தை இனங்காண்பது எப்படி?

ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை மன்னாரின் கட்டுக்கரைக் குளத்திலும் வங்காலையிலும் தங்கிப்போகும் ஊசிவால் வாத்துகளின் உடலில், இதுவரை பெயரிடப்படாத பக்றீரியாக்களும் இருக்கக்கூடும். ஒன்றைப் 'புதியது' என்று கூற வேண்டுமானால், அது அறியப்பட்ட எந்த இனமும் அல்ல என்று நிறுவ வேண்டும். உழைப்பின் பெரும்பகுதி அதற்கே செல்லும்.

படி 1: அனுமதி
பறவையைப் பிடிப்பதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்கும் பக்றீரியாவை, அதாவது வளர்ப்பை, பின்னர் வெளிநாட்டுக்கும் அனுப்ப நேரிடும் என்பதால், அதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

படி 2: மாதிரி
கிருமிநீக்கிய பஞ்சுக்குச்சியை உப்புக்கரைசலில் நனைத்து, வாலடி எண்ணெய்ச் சுரப்பியின் முனையில் மெல்ல உருட்டி எடுக்கவும். தென்னாபிரிக்கப் பறவையொன்றின் இச்சுரப்பியிலிருந்துதான் என்டெரோகாக்கஸ் ஃபீனிகுலிகோலா என்ற இனம் பிரித்தெடுக்கப்பட்டு, 2003இல் விவரிக்கப்பட்டது. பறவையைத் தொடாமல் காற்றில் மட்டும் காட்டிய ஒரு குச்சியையும் ஒப்பீட்டுக்காக வைத்திருங்கள். நிலத்தில் கிடக்கும் இறகை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் வளர்வது பறவையுடையதா, மண்ணுடையதா என்று சொல்ல முடியாது.

படி 3: தூய வளர்ப்பு
அவசரப்படுவோர் சறுக்கும் இடம் இதுவே. பக்றீரியா வளரும் கூழ் நிரப்பிய ஏகார் தட்டின் ஓரத்தில் மாதிரியைத் தடவி, கம்பி வளையத்தைச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, முதற் கீறல்களின் நுனியைத் தொட்டு அடுத்த பகுதிக்கு இழுக்கவும். ஒவ்வொரு பகுதிக்கும் மீண்டும் காய்ச்சினால், கடைசிப் பகுதியில் கொலனிகள் (பக்றீரியாக்கள் பெருகி உண்டாகும் புள்ளிகள்) தனித்தனியே நிற்கும். அவற்றுள் ஒன்றை எடுத்துப் புதிய தட்டில் கீறி, நிறமும் விளிம்பும் பளபளப்பும் எல்லாக் கொலனிகளிலும் ஒன்றாகும் வரை இதைத் திரும்பச் செய்யவும். பின்னர், பக்றீரியாக்களை இரு பெரும் பிரிவுகளாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்து, ஒரு பங்கைக் கிளிசரோலில் −80 பாகை செல்சியசில் சேமிக்கவும்.

படி 4: மரபணு
பக்றீரியாக்கள் அனைத்திலும் உள்ள, ஏறத்தாழ 1,500 காரச் சோடிகள் (டி.என்.ஏ. எழுத்துச் சோடிகள்) கொண்ட 16எஸ் மரபணுவைப் பி.சி.ஆர். எனும் டி.என்.ஏ. நகலெடுப்பு முறையில் பெருக்கி, வரிசையை வாசித்து, தரவுத்தளத்தில் ஒப்பிடவும். மிக நெருங்கிய இனத்துடனான ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் குறைவானால் புதிய இனமாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. அதற்கு மேற்பட்டாலும் கைவிட வேண்டியதில்லை: வெவ்வேறு இனங்களான அந்திராக்சுக் கிருமியும் பசிலஸ் சீரியசும் இம்மரபணுவில் ஏறத்தாழ ஒன்றே. முழு மரபணுத்தொகையின் சராசரி ஒற்றுமை 95–96 சதவீதத்துக்குக் கீழே இருப்பதே வலுவான சான்று.

படி 5: பெயர்
வளரும் வெப்பநிலை, உப்புத் தாங்குதிறன், கொழுப்பமிலங்கள் ஆகியவற்றை நெருங்கிய இனங்களோடு ஒப்பிட்டு எழுதவும். புதிய இனத்துக்கு அடையாளமாக நிற்கும் தூய வளர்ப்பை இரு வேறு நாடுகளின் சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைத்த பின்னரே, இலத்தீன் வடிவில் சூட்டிய பெயர் செல்லுபடியாகும்.